இருபத்துநாலு வயதுக் கோச்சும் ஐந்து யார் மரியாதையும்

ஆள் எடுக்கிற தொழிலில் ஒரு நியாயம் உண்டு: வேலைக்குப் போனவர் நன்றாகச் செய்தால் அது அவருடைய கெட்டித்தனம், சொதப்பினால் அது உங்களுடைய தெரிவு. இதை வாசிக்கிறவர்களில் யாராவது எப்போதாவது ஒருவரை எங்காவது சிபாரிசு செய்து சேர்த்துவிட்டிருந்தால், அது மச்சானைப் பலசரக்குக் கடையில் சேர்த்ததாக இருந்தாலும் சரி, நீங்களும் என் இனம்தான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள்.

தொண்ணூறுகளில் நான் கனடாவில், மிசிசாகாவில் ஒரு ஏஜென்சியில் வேலை செய்தேன். விமானங்களுக்குச் சமைக்கும் கூடங்களுக்கும் களஞ்சியங்களுக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. வீடு ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம். என் மகன் பிரசன்னா அங்கே ஒரு சின்னப் புட்போல் கிளப்பில் விளையாடினான். எங்கள் ஆட்கள் அதை அமெரிக்கப் புட்போல் என்பார்கள். கனடாக்காரர் அதைக் கேட்டால் முகம் சுளித்து, தங்களுடைய விளையாட்டு வேறு என்பார்கள். ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு ஒரு கூம்பின பந்துக்காக ஆளையாள் இடித்து விழுத்துவது இரண்டிலும் ஒன்றுதான். ஒரு தாய்க்கு அதற்குமேல் வித்தியாசம் தெரியத் தேவையில்லை.

ஒரு கோடையில் கிளப்பின் தலைமைக் கோச், வேறு வேலை கிடைத்துக் கல்கரிக்குப் போய்விட்டார். கமிட்டித் தலைவர் டோனி, ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், எனக்குப் போன் எடுத்துப் புதுக் கோச் ஒருவரைத் தேடித் தரச் சொன்னார். எனக்கு அந்த விளையாட்டின் ஒரு விதியும் தெரியாதே என்றேன். டோனி சொன்னார்: "உங்களுக்கு விமானத்துக்குச் சமைக்கத் தெரியுமா, மிஸ்ஸிஸ் நாதன்? அதற்கு ஆள் எடுக்கிறீர்கள்தானே?"

நேர்முகம்

இரண்டு பேர்தான் வந்தார்கள். முதலாமவர் பிராங்க். வயது அறுபதை நெருங்கும். முப்பது வருடம் உதவிக் கோச்சாக எத்தனையோ அணிகளைக் கண்டவர். கழுத்தில் விசிலோடுதான் நேர்முகத்துக்கே வந்தார். ஒரு கேள்வி கேட்டால் மூன்று கதை சொன்னார், மூன்றும் நல்ல கதைகள், ஆனால் கேள்வி எங்கே போனது என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

இரண்டாமவர் குகன். வயது இருபத்துநாலு. சின்ன வயதில் அகதியாக வந்து, ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போய், பல்கலைக்கழக அணியில் விளையாடியவன். தலைமைக் கோச்சாக ஒரு நாளும் இருந்ததில்லை. அண்ணனின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஆனால் அவன் எங்களுடைய கடைசி இரண்டு ஆட்டங்களையும் பார்வையாளனாக வந்து பார்த்திருந்தான். எந்தப் பெடியன் பந்து கைக்கு வர முதலே கண்ணை மூடுகிறான், எவன் விழுந்தால் எழும்பக் கூச்சப்படுகிறான் என்று ஒவ்வொருவராகச் சொன்னான். சம்பளத்தை விசாரிக்க முதல் வேலையை விசாரித்துக்கொண்டு வருகிறவர்களை என் தொழிலில் விரல்விட்டு எண்ணலாம். இவனைத்தான் எடுக்கவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

கமிட்டி அரைமனதோடு ஒத்துக்கொண்டது. பிராங்க் உதவிக் கோச். குகன் தலைமைக் கோச், ஆனால் ஒக்டோபரில் கனடாக்காரர் கொண்டாடும் நன்றியறிதல் நாள் வார இறுதி வரைக்கும் மட்டும். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கமிட்டி வாக்கெடுக்கும், பிடிக்காவிட்டால் அணி பிராங்கின் கைக்குப் போகும். குகனின் தகப்பனும் தன் பங்குக்கு அதே நாளைக் கெடுவாக வைத்தார். அதற்குப் பிறகும் கோச்சாக இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த கிழமையே தாய்மாமனின் இன்சூரன்ஸ் கந்தோரில் போய் இருக்கவேண்டும். பெடியன் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, கோட்டின் நீளக் கையை மடித்துக்கொண்டு வெளியே போனான். டோனி என்னிடம் திரும்பிச் சொன்னார்: "சரி. ஆனால் தோற்றால் பெற்றோருக்கு உங்கள் போன் நம்பரைத்தான் கொடுப்பேன்."

விசாரணை

டோனி சொன்னதைச் செய்கிறவர். முதல் ஆட்டம் தோற்ற அன்று பின்னேரமே போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. இத்தாலியப் பெற்றோர் கோச்சின் தடுப்பு முறை சரியில்லை என்றார்கள். ஜமெய்க்காத் தாய் ஒருவர் பெடியன்களை இன்னும் ஓடவைக்க வேண்டும் என்றார். இதற்கெல்லாம் "சொல்கிறேன், சொல்கிறேன்" என்று தப்பிக்கலாம்.

எங்கள் லோகா அக்காவிடம் தப்ப முடியாது. அவருடைய மகன் மயூரன்தான் அணியில் பந்தை உதைக்கிறவன். அஜக்ஸில் வீடு மலிவு என்று அவர்கள் அங்கே போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள், ஆகவே "மகனை அங்கை உள்ள கிளப்பிலை சேர்ப்பன்" என்ற மிரட்டல் அவருடைய எல்லா வசனத்துக்கும் முற்றுப்புள்ளியாக இருந்தது. விளையாட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. உவன் ஆரின்ரை மகன், தாய் எந்த ஊர், தகப்பன் ஊரிலை என்ன செய்தவர் என்றுதான் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் எடுத்தார். லண்டனுக்கும் பாரிசுக்கும் அடித்து முழுக் குடும்பத்தையும் விசாரித்து முடித்திருந்தார். "தங்கச்சி, அவையள் நல்ல ஆக்கள்தான், நான் பிழை சொல்லேல்லை. ஆனா பரம்பரையாய் எல்லாரும் கந்தோர்க் கிளாக்கர்மார். ஒருத்தரும் ஓடினதாய்க் கேள்விப்படேல்லை."

மீசை

குகனுக்கு முகம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் முகம். இரண்டாவது ஆட்டத்தில் நடுவர் நேரே அவனிடம் வந்து, "ஹெல்மெட் இல்லாமல் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கக்கூடாது, போய் உன் கோச்சைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். குகன் "சரி சேர்" என்று சொல்லிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பவும் அவர் முன்னாலேயே வந்து நின்றான். அவரைத் திருத்தினால் அவருக்கு வெட்கமாகப் போய்விடும் என்று பயந்தானாம்.

மீசை வளர்க்கச் சொல்லி நான்தான் யோசனை சொன்னேன். என்னுடைய ஏஜென்சியில் மீசை வைத்துப் பாதுகாப்பு வேலைக்குப் போன பெடியன்கள் எத்தனையோ பேர். குகனுக்கு அது வளருவேனோ மாட்டேனோ என்று நின்றுநின்று வந்தது. ஒரு ஓரம் மற்ற ஓரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் இரண்டு மூன்று கிழமையில் தூரத்திலிருந்து பார்த்தால் மீசை என்று சொல்லக்கூடிய ஒன்று வந்துவிட்டது. அதே நடுவர் மறுபடி வந்தார். இந்தமுறை மரியாதையாகக் கைகொடுத்து, சுகம் விசாரித்து, பிறகு கேட்டார்: "போனமுறை உங்கள் தம்பி வந்திருந்தார். நல்ல பண்பான பிள்ளை. இன்றைக்கு வரவில்லையா?"

ரோல்ஸ்

தமிழ்த் தாய்மார் பயிற்சிக்கு வெறுங்கையோடு வரமாட்டார்கள். கோச் மெலிந்துபோய் நிற்கிறான், தாய் இரண்டு வேலை செய்கிறாள் என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு செவ்வாயும் மைதானத்தின் ஓரத்தில் மட்டன் ரோல்ஸ், கட்லட், இடியப்பம் என்று ஒரு சின்னக் கல்யாணமே நடந்தது. குகன் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை. சிக்கல் சனிக்கிழமைதான் தெரியவந்தது. எந்தத் தாயின் கையால் சாப்பிட்டானோ, அந்தத் தாயின் மகனை அவனால் வெளியே இருத்த முடியவில்லை. பிராங்க் தலையில் கை வைத்தார். இடப்பக்கத் தடுப்பில் நிற்கவேண்டிய கெட்டிக்காரப் பெடியன் ஒருவன், தாய்க்கு இரவு வேலை என்பதால், ஒரு ரோல்ஸின் பலமும் இல்லாமல் வாங்கில் குந்தியிருந்தான்.

நான் குகனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இனி மைதானத்திலை தண்ணியைத் தவிர ஒண்டும் வாயிலை வைக்காதையும்" என்றேன். அவன் சொல்லமாட்டான் என்று தெரியும், அதனால் தாய்மாருக்கும் நானே அறிவித்தேன். எல்லோருக்கும் முகம் கறுத்தது. லோகா அக்கா மட்டும் பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே ஒருமுறை பார்த்து, மூடிவிட்டு, மிகவும் நிதானமாகக் கேட்டார்: "சாப்பாடு எண்டால் ரோல்ஸ் சரி. கட்லட்டும் அதுக்குள்ளையோ?"

விசில்

ரோல்ஸ் நின்றும் நாங்கள் தோற்றுக்கொண்டுதான் இருந்தோம். அதுவும் ஒரேமாதிரித் தோல்வி. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் கோச்சுக்குச் சில விநாடிதான் தருவார்கள். அதற்குள் என்ன செய்யப்போகிறோம் என்று பெடியன்களுக்குச் சொல்லி, அவர்கள் பந்தை நகர்த்தவேண்டும். பிந்தினால் நடுவர் விசில் ஊதி ஐந்து யார், அதாவது ஐந்து கஜம், பின்னால் தள்ளிவிடுவார். எங்களுக்கு ஊதின விசிலுக்கு அளவில்லை. கோச்சுக்கு மூளை மெதுவாகத்தான் வேலை செய்கிறது என்று டோனி என்னிடம் சொன்னார். நன்றியறிதல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆட்டத்தில் பெடியன்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குகனை மட்டும் பார்த்தேன். அவனுக்கு மூளை மெதுவில்லை. பந்து நின்ற அடுத்த கணமே அவன் வாய் திறந்தது. ஆனால் அதற்குள் பிராங்க் பக்கத்தில் வந்து, "இதேமாதிரி ஒருமுறை ஹமில்டனில்..." என்று தொடங்கிவிடுவார். குகன் வாயை மூடி, கையைக் கட்டி, தலையைக் கொஞ்சம் சரித்து, ஹமில்டன் முடியும்வரை கேட்பான். விசில் ஊதும். ஐந்து யார். திரும்பவும் பிராங்க், திரும்பவும் கட்டின கை. பார்த்துக்கொண்டிருந்த டோனிக்கு அது விளங்கவே விளங்காது. எனக்கு ஒரே பார்வையில் விளங்கியது, ஏனென்றால் என் வீட்டிலும் பெரியவர் கதைக்கும்போது குறுக்கே கதைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டம் முடிந்து அவனிடம் கேட்டேன்: "ஏன் தம்பி, அந்த மனுசனை மறிச்சு உம்மடை முடிவைச் சொன்னால் என்ன?" என்னை ஏதோ கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னதுபோலப் பார்த்தான். "எப்பிடி அன்ரி? அவருக்கு என்ரை அப்பாவிலும் வயசு கூட."

பதவி உயர்வு

எங்கள் ஏஜென்சியில் இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் ஒருவரை வேலையால் நிறுத்தமாட்டோம், இடத்தை மாற்றுவோம். பிராங்கைக் குகனின் கண்ணுக்கு முன்னாலிருந்து எடுக்கவேண்டும், ஆனால் அவர் மனம் நோகக்கூடாது. பெரிய அணிகளில் ஒரு கோச் மேலே உயரத்தில் இருந்து முழு ஆட்டத்தையும் பார்த்துக் கீழே சொல்லுவாராம். நான் பிராங்கிடம் போய், "உங்கள் கண்ணுக்கு இருக்கும் அனுபவம் கீழே நின்று வீணாகிறது" என்றேன். மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முப்பது வருடத்தில் என்னை மேலே அனுப்பவேண்டும் என்று நினைத்த முதல் ஆள் நீங்கள்தான், மிஸ்ஸிஸ் நாதன்" என்று சொல்லிவிட்டுப் பார்வையாளர் படிகளின் உச்சிக்கு இருக்க ஒரு சின்ன மெத்தையையும் குடையையும் கொண்டுபோனார்.

மேலேயும் கீழேயும் கதைக்க வோக்கிடோக்கி இரண்டைத் தந்தவர் றபீக் நானா; எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள். வீதியில் நின்றுபோன கார்களை இழுத்துப் போகும் ட்ரக்குகள் வைத்திருப்பவர். அவருடைய மகனும் அணியில் இருந்தான். எனக்கு ஒரே சந்தோசம். முதல் கால்மணியில் அது வடிந்துவிட்டது. பிராங்க் மேலே பொத்தானை அமத்தினார், ஹமில்டன் வந்தது. குகன் கீழே வோக்கிடோக்கியைக் காதில் வைத்து, மற்றக் கையால் நெஞ்சைக் கட்டிக்கொண்டு, தலையைச் சரித்து நின்றான். விசில்.

றபீக் நானாவால் பொறுக்க முடியவில்லை. இறங்கிப் போய், சத்தத்தைக் குறைக்கிற குமிழை அவனுக்குக் காட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. பிராங்க் மேலே இருந்து மனம் நிறையக் கதைத்தார், குகன் தேவையானதைக் கேட்டுவிட்டுக் குமிழைத் திருகினான், பெடியன்கள் நேரத்துக்கு ஓடினார்கள். அந்த ஆட்டமும் வென்றோம், அடுத்ததும் வென்றோம். ஆனால் ஒவ்வொருமுறை குமிழைத் திருக முதலும் அவன் அதற்குக் குனிந்து ஏதோ சொல்வதைக் கண்டு நானா கிட்டப்போய்க் கேட்டாராம். "சொறி அங்கிள்" என்று சொல்லிவிட்டுத்தான் குறைக்கிறானாம். நானா என்னிடம் வந்து சொன்னார்: "எத்தினையோ டிரைவர்மார் இந்தச் சாமானுக்குத் தூசணத்தாலை ஏசினதைக் கேட்டிருக்கிறன். மன்னிப்புக் கேட்டவர் இவர் ஒருத்தர்தான்."

சனிக்கிழமை

நன்றியறிதல் வார இறுதி ஆட்டத்தன்று குளிர்காற்று அடித்தது. கமிட்டி முழுவதும் வந்திருந்தது. குகனின் தகப்பனும் வந்து, ஒருவரோடும் சேராமல், வேலிக்கு வெளியே நின்றார். எதிரணி நல்ல அணி. ஆனாலும் கடைசி நிமிடத்தில் நாங்கள் இரண்டு புள்ளிதான் பின்னால், பந்து அவர்களுடைய கோட்டுக்குக் கிட்ட, ஒரே ஒரு முயற்சி மிச்சம். மயூரன் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, வெற்றி எங்களுக்கு. அந்தத் தூரம் அவனுக்கு ஒரு தூரமே இல்லை. எனக்கே அது தெரிந்திருந்தது.

வோக்கிடோக்கியில் பிராங்க் "உதைக்கச் சொல்லு, உதைக்கச் சொல்லு" என்றார். குகன் மயூரனை ஒருமுறை பார்த்தான். குமிழைத் திருகினான். உதைக்காமல், பந்தைச் சுமந்துகொண்டு கோட்டைத் தாண்டி ஓடுகிற ஆட்டத்துக்குப் பெடியன்களைக் கைகாட்டினான். மயூரன் வெளியே வாங்கில் இருப்பதை மேலே இருந்து கண்ட பிராங்க் வோக்கிடோக்கியை எறிந்துவிட்டு, அந்த வயதில், படிகளில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து குகனுக்கு நேர் முன்னால் நின்றார். இப்போது திருகுவதற்குக் குமிழ் இல்லை. மூச்சுவாங்க, கையை ஆட்டி, கத்தத் தொடங்கினார். என் பக்கத்தில் டோனி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆகவே பார்க்கவில்லை, குகனின் குரலைக் கேட்கத்தான் செய்தேன். "பிராங்க், பேசாமல் இருங்கள். மயூரன் இன்றைக்கு உதைக்கமாட்டான்."

அங்கிள் இல்லை. சேர் இல்லை. வெறும் பிராங்க். பெடியன்கள் நேரத்துக்கு ஓடினார்கள், விசில் ஊதவில்லை. ஆனால் பந்தோடு ஓடினவன் கோட்டுக்கு ஒரு சப்பாத்து நீளம் குறைய விழுத்தப்பட்டான். தோற்றுப்போனோம். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை இங்கே மறைத்து என்ன பயன்?

வாங்கில் இருந்து மயூரன் எழும்பவில்லை. லோகா அக்கா போய் அவனுடைய சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். கணுக்கால் ஊதிக் கறுத்திருந்தது. பயிற்சியில் பிரண்டதை, இந்த ஆட்டத்தில் விடமாட்டார்கள் என்ற பயத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான். லோகா அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தங்கச்சி, வீட்டிலை ஒரே மேசையிலை இருந்து சாப்பிடுறம், எனக்குத் தெரியேல்லை. அந்தப் பெடியன் எப்பிடிக் கண்டவன்?"

வாக்கெடுப்பு

டோனியின் கடைப் பின்னறையில், பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் கூடினோம். குகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். டோனி கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் சங்கடம்தான். ஆனால் கணக்குப் பார்த்தால் வென்றதைவிடத் தோற்றது கூட, அதுவும் இன்றைக்குக் கையில் கிடைத்த வெற்றியை விட்டிருக்கிறான் என்றார். கணுக்காலைச் சொன்னேன். அது பெடியனுக்குச் செய்த நல்ல காரியம்தான், ஆனால் கோச்சுக்கு அனுபவம் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். டோனி பிராங்கிடம் திரும்பி, அணியைப் பொறுப்பெடுக்க ஆயத்தமா என்று கேட்டார்.

பிராங்க் வழக்கம்போல ஹமில்டனில்தான் தொடங்குவார் என்று நினைத்தேன். தொடங்கவில்லை. "இன்றைக்கு அந்தப் பெடியன் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னான்" என்றார். "முப்பது வருடமாக இதை எனக்குச் சொல்லவேண்டிய கோச்சுகள் எத்தனையோ பேர். ஒருவரும் சொன்னதில்லை. நான் கதைத்துக் கதைத்தே கைவிட்ட ஆட்டங்கள் எனக்குத் தெரியும். அணி அவனுடையது. நான் மேலேயே இருக்கிறேன்." பிறகு முதல் கையைத் தூக்கியவரும் அவர்தான். மற்றக் கைகள் ஒவ்வொன்றாக எழும்பின, டோனியின் கை கடைசியாக.

செய்தியைச் சொல்ல நானே கார் தரிப்பிடத்துக்கு ஓடினேன். தகப்பனின் காரில் சாய்ந்துகொண்டு நின்றான். தகப்பன் உள்ளே, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிவைத்திருந்தார். "தம்பி, நீர்தான் கோச். கந்தோருக்குப் போகத் தேவையில்லை" என்றேன். சிரிப்பான், துள்ளுவான், ஒரு நன்றியாவது சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கடையின் கதவைப் பார்த்தபடி, அந்த அரைகுறை மீசையைத் தடவிக்கொண்டு, மிகவும் பயந்த குரலில் கேட்டான்: "அன்ரி, பிராங்க் அங்கிள் கோவமாய் இருக்கிறாரோ?"

அனுபவம் இல்லாத ஆளை வேலைக்கு எடுப்பதில் உள்ள ஒரே கஷ்டம், அவருக்கு அனுபவம் வந்து சேரும்வரை அது முழுவதும் எடுத்தவருக்கே வந்துகொண்டிருப்பதுதான்.